முதல் மீனாக எதை விடுவது? தாம்பரத்துக் கடல்நீர்த் தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2023 அக்டோபர் 22, ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இரவு, தாம்பரத்தில் உள்ள என் மைத்துனர் வீட்டு வரவேற்பறையில் ஐந்து செ.மீ. நீளமுள்ள ஒரே ஒரு மீனைப் பிடிப்பதற்காக 22 கிலோ பாறையைத் துண்டு துண்டாகத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தோம். நீரில் பாதிக்கு மேல் வாளிகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இரண்டரை மணி நேரம் பிடித்தது. அந்த மீனுக்கு நோயோ காயமோ எதுவும் இல்லை. சொல்லப்போனால் அந்தத் தொட்டியில் மிக நலமாக இருந்த உயிர் அதுதான். முதலில் விடப்பட்ட மீன் என்பதால் தொட்டி முழுவதையும் தன் இடமாக எடுத்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த இரண்டு மீன்களில் ஒன்றைக் கொன்றும் விட்டிருந்தது. அதற்கு முன்பும் பின்பும் நடந்தவற்றை, குறிப்பேட்டில் எழுதி வைத்த அளவீடுகளோடு இங்கே பதிவு செய்கிறேன்.

தொட்டியின் அளவு 90 × 45 × 50 செ.மீ. கணக்குக்கு 202 லிட்டர் வந்தாலும் மணலும் பாறையும் போக அதில் நின்ற நீர் ஏறத்தாழ 165 லிட்டர்தான். புரதக் கழிவை நுரையாக்கி அகற்றும் ஸ்கிம்மர் ஒன்று, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் இரண்டு, சென்னைக் கோடையில் தவிர்க்க முடியாத, நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஒன்று ஆகியவை கருவிகள். நீர் ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வந்தது, அதில் லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் செயற்கைக் கடலுப்பு கரைக்கப்பட்டது. பாறைகள் சுட்ட மண்ணால் செய்யப்பட்டவை. கல் பவளங்கள் இந்தியாவில் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. இராமேஸ்வரம் பக்கம் கரையில் கிடக்கும் பவளக் கல்லை எடுத்து வருவதும் குற்றம். இதைத் தெரிந்துகொண்டுதான் மைத்துனர் கல் போன்ற கூடு கட்டாத மென்பவளங்களோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார். உபகரணத்திலும் சட்டத்திலும் இவ்வளவு கவனமாக இருந்தவர், முதல் மீனைப் பற்றி மட்டும் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. அதற்குக் காரணம் அவருடைய பன்னிரண்டு ஆண்டு நன்னீர் அனுபவம் என்றே நினைக்கிறேன்.

நன்னீர்த் தொட்டியில் தங்கமீனும் ஏஞ்சலும் வளர்ப்பவருக்கு முதல் மீன் பெரிய கேள்வியே அல்ல. தாங்கக்கூடிய மீனாக ஒன்றை விட்டுப் பார்ப்பார். சரிப்படவில்லை என்றால் மறுநாள் வலையை விட்டு எடுத்துவிடுவார். கடல்நீர்ப் பவளத் தொட்டியில் இந்த இரண்டுமே பொருந்துவதில்லை. பாறை அடுக்குக்குள் பத்துப் பதினைந்து நுழைவழிகள் இருக்கும்போது வலையால் மீன் பிடிப்பது நடக்காத காரியம். தாங்குகிறதா என்று பார்ப்பதிலோ அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வைப்பவர்கள் இதைத்தான் 'சைக்கிள் ஆகிறது' என்கிறார்கள். நீரில் உள்ள அம்மோனியா முழுவதும் நஞ்சல்ல. அயனியாகாத பகுதிதான் செவுளைச் சுடுகிறது, அந்தப் பகுதியின் அளவு பி.எச். ஏற ஏறக் கூடுகிறது. பி.எச். 7 உள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், 8.2 உள்ள கடல்நீரில் அதே அளவு மொத்த அம்மோனியாவுக்கு நஞ்சுப் பகுதி பத்து மடங்குக்கும் மேல் இருக்கும். நைட்ரைட்டின் கதை இதற்கு நேர் எதிர்: கடல்நீரில் நிறைந்துள்ள குளோரைடு அதைச் செவுள் வழியே எளிதில் புகவிடாததால், நன்னீரில் மீனைக் கொல்லும் நைட்ரைட் அளவு இங்கே பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. நன்னீர்க்காரர்கள் நைட்ரைட்டைக் கண்டு நடுங்கி அம்மோனியாவை அலட்சியம் செய்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் நீர் நிரப்பிய நான்காம் நாள், மைத்துனர் ஒரு கடைக்குப் போனார். "இதை விடுங்க சார், எதையும் தாங்கும், டேங்க் தானா செட் ஆயிடும்" என்று சொல்லி, 300 ரூபாய்க்கு ஒரு டாம்சல் மீனைக் கொடுத்தார்கள். கறுப்பு உடலில் நெற்றியில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று வெள்ளைப் புள்ளிகள் கொண்ட டாசில்லஸ் ட்ரைமாகுலேட்டஸ். கடைகளில் டாமினோ டாம்சல் என்பார்கள். கடலில் இதன் குஞ்சுகள் கோமாளி மீன்களைப் போலவே கடற்சாமந்திகளின் உணர்கொம்புகளுக்குள் ஒதுங்கி வாழும். வளர்ந்தால் 14 செ.மீ. வரை வரும். வாங்கும்போது அது மூன்று செ.மீ. இருந்தது, அழகாகவும் இருந்தது. கடைக்காரர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் அம்மோனியா 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டியபோதும் அந்த மீன் தாங்கியது. செவுள் எரிய எரியத்தான் தாங்கியிருக்கும். அதைச் சோதனைக் குழாயின் பச்சை நிறம் மட்டுமே சொல்லிற்று, மீன் சொல்லவில்லை. டாம்சலை விட்டு சைக்கிள் செய்வது பழைய வழக்கம். அம்மோனியம் குளோரைடு கரைசலை 2 பி.பி.எம். அளவுக்கு ஊற்றி, மீனே இல்லாமல் அதே நுண்ணுயிர்களை வளர்க்கலாம் என்று ஆன பிறகு அந்த வழக்கத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் இறுதியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தன. அக்டோபர் 14 அன்று ஒரு ஜோடி கோமாளி மீன் வந்தது. ஆம்ஃபிப்ரியான் ஒசெல்லாரிஸ் இனம், பண்ணையில் பிறந்தவை என்று சொல்லி விற்கப்பட்டவை. பெரியது ஐந்து செ.மீ., சிறியது மூன்று. புது மீனுக்கு நோய் உண்டா என்று சில வாரம் தனியாக வைத்துப் பார்க்கும் தனிமைத் தொட்டியில் வைக்காமல் நேரே பெரிய தொட்டியில் விட்டார்கள். அன்று மாலையே டாம்சல் இரண்டையும் மேல் மூலைக்கு விரட்டி, கீழே இறங்க விடாமல் நிறுத்தியது. மூன்றாம் நாள் சிறியதன் வால் துடுப்பு முழுதும் கிழிந்திருந்தது. ஐந்தாம் நாள் அது செத்துக் கிடந்தது. ஆறாம் நாள் பெரியதன் உடலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. அன்றுதான் எனக்கு அழைப்பு வந்தது. "மாமா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. உங்க மருமக அழுதுட்டே இருக்கா" என்றார் மைத்துனர்.

இங்கே இரண்டு தவறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் பழியெல்லாம் டாம்சல்மேல் விழுந்துவிடும். வெள்ளைப் புள்ளி க்ரிப்டோகேரியான் இர்ரிடன்ஸ் என்ற ஒட்டுண்ணியின் வேலை. இரண்டு மாதத்துக்கும் மேலாகத் தனியாக இருந்த டாம்சலிடம் அது இல்லை. புதிதாக வந்த மீன்களோடுதான் வந்தது. தனிமைப்படுத்தாதது ஒரு தவறு, முதல் மீனின் தேர்வு இன்னொன்று. ஆனால் இடைவிடாத துரத்தலில் சோர்ந்த மீனிடம் ஒட்டுண்ணி எளிதாகப் பெருகியிருக்கும் என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் கைகொடுத்தது.

அந்த ஒட்டுண்ணி மீனின் உடலில் சில நாள் தின்று வளர்ந்து, உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ கூடு கட்டிக்கொண்டு, உள்ளேயே நூற்றுக்கணக்காகப் பிரிந்து, மீண்டும் நீந்தி மீனைத் தேடும். நீந்தும் பருவத்தில் ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். கூடு மட்டும் நீடித்து இருக்கக்கூடியது. அது உடைய மூன்று நாளும் ஆகலாம், 72 நாள்வரையும் ஆகலாம் என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் வைக்கும் வழக்கம் வந்தது. தாமிர மருந்து இதைக் கொல்லும். ஆனால் நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும், பாறையிலும் மணலிலும் படிந்தும் விடும் என்பதால், மருத்துவம் தனித் தொட்டியில்தான் செய்ய வேண்டும். ஆகவே இரண்டு மீனையும் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறாலை வைத்துப் பொறி செய்தோம். கோமாளி மீன் பத்து நிமிடத்தில் உள்ளே வந்துவிட்டது. டாம்சல் இரண்டு நாள் பாட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து, வெளியே நின்றபடியே இறாலின் மணத்தை மட்டும் அனுபவித்தது. அதன் பிறகுதான் முதலில் சொன்ன பாறை இறக்கும் படலம்.

மீன் இல்லாத 76 நாள் ஜனவரி 6 அன்று முடியும் என்று கணக்கிட்டோம். தொட்டி புதிதுபோல் ஆகிவிட்டதால், முதல் மீன் எது என்ற கேள்வி மறுபடியும் எங்கள் முன் வந்து நின்றது. ஒரே தொட்டிக்கு இந்த வாய்ப்பு இரண்டாம் முறை கிடைப்பது அரிது.

வீட்டில் எல்லோருக்கும் பதில் தெரிந்தே இருந்தது. பிழைத்த கோமாளி மீன் மருத்துவத் தொட்டியில் நலமாகத் தேறி வந்துகொண்டிருந்தது. நாள் முடிந்ததும் அதைத் திரும்ப விடுவதுதான் இயல்பு என்று நினைத்தார்கள். அதற்குச் சாதகமான காரணங்கள் வலுவானவை. உலகெங்கும் பவளத் தொட்டிக்கு முதல் மீனாகப் பரிந்துரைக்கப்படுவது பெரும்பாலும் பண்ணையில் பிறந்த ஒசெல்லாரிஸ்தான். குச்சித் தீனியைத் தின்னும், பவளத்தைத் தொடாது, சிறிய இடத்தோடு நிறைவடையும். இதன் முட்டைகள் நீரில் மிதந்து போகாமல் கடினமான பரப்பில் ஒட்டியிருக்கும். ஆண் மீன் காவல் காக்கும். பொரிய ஒரு வாரம் ஆகும். இதனாலேயே இந்த இனம் வளர்ப்புக்கு வசமானது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களை வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்து காட்டியவை. கடலிலிருந்து பிடிக்காத ஒரு மீன் கிடைக்கும்போது அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

என்னிடம் இருந்த காரணம் ஒன்றுதான். கோமாளி மீனும் டாம்சல்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒசெல்லாரிஸ் அக்குடும்பத்தில் சாதுவானது என்பது உண்மை. ஆனால் இந்த மீன் ஐந்து செ.மீ. வளர்ந்தது, கோமாளி மீன்களில் எல்லாமே முதலில் ஆணாக இருந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும் என்பதால், தனியாகத் தொட்டியை ஆளும் இது பெண்ணாகும் பாதையில் இருந்தது. கோமாளி மீன்களில் கடுமையாக இடம் காப்பது பெண்தான். வெற்றுத் தொட்டியில் இதை முதலில் விட்டால், டாம்சல் செய்ததையே மெதுவாகச் செய்யக்கூடும். முதலில் குடியேறிய மீன், உருவில் தனக்குச் சமமான புதுவரவை எளிதில் வென்றுவிடும் என்பது பவளத்திட்டு மீன்களிடம் நன்கு அறியப்பட்ட நடத்தை. ஆஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டில் சிறு பாறைத் திட்டுகளை வைத்துச் செய்த கள ஆய்வுகளில், டாம்சல்கள் முன்பே குடியிருந்த திட்டுகளில் புதிய குஞ்சுகள் குறைவாகவே நிலைத்தன. கடலில் விரட்டப்பட்ட குஞ்சு அடுத்த திட்டுக்குப் போகலாம். 90 செ.மீ. கண்ணாடிக்குள் அடுத்த திட்டு எங்கே இருக்கிறது?

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட்டேன். முதலில் எது வரவேண்டும் என்று கேட்காமல், கடைசியில் இந்தத் தொட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதி, அதிலிருந்து பின்னோக்கி வரும்படி சொன்னேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் மைத்துனரின் மகள் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதினாள்: கோமாளி ஜோடி, நீல டாங், மாண்டரின், ஃபயர்ஃபிஷ், பாசி தின்னும் பிளென்னி, பைஜாமா கார்டினல், மஞ்சள் வாட்ச்மேன் கோபி.

நீல டாங்கை அடிப்பதுதான் கடினமாக இருந்தது. கடையில் அது விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் 30 செ.மீ. வரை வரும். ஓயாமல் நீந்தும் மீன், வெள்ளைப் புள்ளி நோய்க்கு முதலில் இரையாகும் மீனும்கூட. இந்தத் தொட்டியில் அதற்கு முதலிலும் இடமில்லை, கடைசியிலும் இடமில்லை. மாண்டரின் பாறையில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத அளவுச் சிற்றுயிர்களை நாள் முழுவதும் கொத்தித் தின்று வாழ்வது. சுட்ட மண் பாறையில் தொடங்கிய ஐந்து மாதத் தொட்டியில் பட்டினியால் மெலிந்து சாகும். பிளென்னிக்கும் அதே நிலை. புதிய தொட்டியில் முதலில் படர்வது டயாட்டம் என்ற நுண்பாசியின் பழுப்புப் படலம். அது வயிறு நிறைக்கும் பச்சைப் பாசி அல்ல. இரண்டையும் ஓராண்டு கழித்துப் பார்க்கலாம் என்று ஒதுக்கினோம்.

எஞ்சிய நான்கையும் இடம் கோருவதன் அடிப்படையில் வரிசைப்படுத்தினேன். கோமாளி ஜோடி ஒரு மூலையைக் கோரும். அதனால் கடைசிக்குத் தள்ள வேண்டும். வாட்ச்மேன் கோபி பாறையடியில் ஒரு வளையை மட்டும் கோரும், மற்றவற்றை ஏறிட்டும் பார்க்காது. என் மனம் முதலில் அதைத்தான் நாடியது. பார்வை மங்கிய பிஸ்டல் இறால் ஓயாமல் மண் தோண்ட, கோபி வாசலில் காவல் நிற்க, இறாலின் உணர்கொம்பு கோபியின் உடலைத் தொட்டபடியே இருக்கும் அந்தக் கூட்டு வாழ்க்கையை ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார். அந்த மாதம் நல்ல நிலையில் ஒரு கோபியும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை என்பதைத் தவிர அதை விட்டதற்கு வேறு காரணம் கிடையாது. ஃபயர்ஃபிஷ் மிகவும் அஞ்சும் மீன். அஞ்சும் மீன் முதலில் என்ற விதிப்படி அதற்கே முதலிடம் கிடைத்திருக்கும். ஆனால் அச்சத்தில் துள்ளித் தொட்டிக்கு வெளியே விழுவது அதன் இயல்பு, தொட்டிக்கு வலை மூடி அப்போது இல்லை. எஞ்சியது பைஜாமா கார்டினல்.

ஸ்பேரமியா நெமடாப்டெரா என்ற இந்த மீன் எட்டு செ.மீ. அளவில் நின்றுவிடுவது. முகம் மஞ்சள், நடுவில் அகன்ற கறுப்புப் பட்டை, பின்பாதியில் செந்நிறப் புள்ளிகள், சிவந்த பெரிய கண். பகலில் பாறை நிழலில் அசையாமல் மிதக்கும். இருட்டியதும் இரை தேடும். எந்தப் பாறையையும் தனதென்று சொல்லாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பாங்காய் கார்டினலைப் பலரும் பரிந்துரைத்தார்கள். அது பார்க்க இன்னும் அழகு. ஆனால் இந்தோனேசியாவின் பாங்காய்த் தீவுகளை மட்டுமே தாயகமாகக் கொண்ட அந்த இனம், மீன் வணிகத்துக்காக மிகையாகப் பிடிக்கப்பட்டு 2007இல் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பண்ணையில் பிறந்தது என்று உறுதியாகத் தெரியாமல் வாங்க எனக்கு மனம் வரவில்லை. மேலும் பாங்காய்களை மூன்று நான்காக விட்டால் ஒரு ஜோடி சேர்ந்துகொண்டு மற்றவற்றைத் துரத்தும். பைஜாமாக்கள் கூட்டமாகவே அமைதியாக இருக்கும். முதல் மீன் மூன்று பைஜாமா கார்டினல்கள் என்று முடிவாயிற்று. மகளுக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. "சும்மா நிக்கிற மீனா மாமா?" என்று கேட்டாள். ஆம், சும்மா நிற்கும் மீன்தான் வேண்டியிருந்தது.

கொளத்தூரில் ஒரு கடைக்கு மூன்று முறை போனோம். முதல் முறை பார்ப்பதற்கு. இரண்டாம் முறை, வந்து இறங்கி ஒரு வாரம் ஆன பிறகும் அவை உயிரோடும் தெளிவாகவும் இருக்கின்றனவா என்று அறிவதற்கு. மூன்றாம் முறை, நம் கண் முன்னால் தீனி போடச் சொல்லி அவை தின்பதைப் பார்ப்பதற்கு. தின்னாத மீனை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. தென்கிழக்காசியாவில் சில இடங்களில் சயனைடு கரைசலைப் பாறை இடுக்கில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்படிப் பிடித்தவை பார்க்க நன்றாக இருந்து சில வாரங்களில் காரணம் தெரியாமல் சாகும். வயிறு ஒட்டியிருக்கிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா, துடுப்புகளை உடலோடு ஒடுக்கி வைத்திருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொண்டோம். கடையின் நீரை, உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தபோது அடர்த்தி எண் 1.019. எங்கள் தொட்டியில் 1.025. ஒட்டுண்ணியைக் கட்டுக்குள் வைக்கவும் உப்புச் செலவைக் குறைக்கவும் கடைகள் உப்பைக் குறைத்து வைப்பது வழக்கம்தான். ஆனால் கேட்காமல் வருபவர் அன்று மாலையே மீனை 1.025 நீரில் விட்டுவிடுவார். உப்புக் குறைவதை மீன் ஓரளவு தாங்கும். திடீரென ஏறுவதைத் தாங்காது. எனவே தனிமைத் தொட்டியை முன்கூட்டியே 1.019இல் தயார் செய்து, பின்னர் எட்டு நாளில் சிறிது சிறிதாக ஏற்றினோம்.

நவம்பர் 25 அன்று மூன்று மீன்களும் தாம்பரம் வந்தன. பையைத் திறந்தபின் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் விடும் முறையை நான் தவிர்க்கச் சொன்னேன். மூடிய பையில் மீன் மூச்சுவிட்ட கரியமில வாயுவால் பி.எச். இறங்கியிருக்கும், அந்த இறக்கம்தான் பையில் சேர்ந்த அம்மோனியாவின் நஞ்சை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்து காற்றுப்பட விட்டால் பி.எச். ஏறி, அதே அம்மோனியா உயிர்க்கொல்லியாக மாறும். பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, திறந்த உடனே மீனை மட்டும் வலையில் எடுத்து மாற்றி, பைநீரைச் சாக்கடையில் ஊற்றினோம்.

தனிமைத் தொட்டி என்பது 60 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் டப்பா, ஒளிய நான்கு பி.வி.சி. குழாய்த் துண்டு, ஒரு காற்றுப் பம்பு, பஞ்சு வடிகட்டி, அவ்வளவே. முதல் இரண்டு நாள் எதுவும் தின்னவில்லை. மூன்றாம் நாள் மாலை விளக்கை அணைத்துவிட்டு மைசிஸ் என்ற இறால் போன்ற சிற்றுயிரை உறைந்த தீனியாகப் போட்டதும் தின்றன. குச்சித் தீனிக்கு வர மூன்று வாரம் ஆயிற்று.

இடையில் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 4 திங்கட்கிழமை அதிகாலை மின்சாரம் நின்று, செவ்வாய் இரவுதான் திரும்பியது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், இவர்கள் முதல் மாடியில் இருந்ததால் தப்பினார்கள். இன்வெர்ட்டர் சில மணி நேரத்தில் ஓய்ந்தது. டார்ச் செல்லில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றை நவம்பரில் வாங்கி வைத்திருந்தது கைகொடுத்தது. மீன்களுக்குத் தீனியே போடவில்லை, அதனால் கழிவும் குறைந்தது. பெரிய தொட்டியில் நீரோட்டம் நின்று போயிற்று. மைத்துனரும் அவர் மனைவியும் முறை வைத்து, மணிக்கு ஒருமுறை குவளையால் நீரை மொண்டு மேலிருந்து ஊற்றினார்கள். அந்த நேரத்தில் அதில் மீன் ஒன்றும் இல்லாதது தற்செயலான நன்மை. பாறையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்காமல் இருக்க, மீனில்லாத இந்தக் காலம் முழுவதும் நான்கு நாளுக்கு ஒருமுறை 1 பி.பி.எம். அளவுக்கு அம்மோனியம் குளோரைடு ஊற்றி வந்தோம். புயலுக்கு முன் அது ஒரே நாளில் பூஜ்யமாகும். டிசம்பர் 7இல் ஊற்றியபோது இரண்டு நாள் பிடித்தது. அடுத்த வாரம் பழைய வேகம் திரும்பிவிட்டது. டிசம்பர் நடுவில் கார்டினல்களுக்கு இரண்டு வாரம் தாமிர மருத்துவம் முடித்து, மருந்தில்லாத வேறு டப்பாவுக்கு மாற்றினோம்.

2024 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை மாலை, விளக்குகளை அணைத்துவிட்டு மூன்றையும் பெரிய தொட்டியில் விட்டோம். பாறையை இம்முறை மணல்மேல் வைக்காமல் அடிக் கண்ணாடியின்மேல் நிறுத்தி, இடப்பக்கம் ஒரு மறைவு கவிந்திருக்கும்படி அடுக்கியிருந்தோம். மறுநாள் காலை மூன்றும் அந்த மறைவின் கீழ் வரிசையாக நின்றன. அதன் பின் பத்து நாளும் அங்கேயே நின்றன. வீட்டுக்கு வந்தவர்கள் மீன் எங்கே என்று கேட்டார்கள். முதல் மீன் என்ற முறையில் காட்சிக்கு இது நிறைவான தேர்வல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். அம்மோனியா அளவு ஒருநாள்கூட பூஜ்யத்தைத் தாண்டவில்லை. நைட்ரேட் மாத இறுதியில் 5 பி.பி.எம்.

மூன்று வாரம் கழித்து, ஜனவரி 28 அன்று, மருத்துவம் முடிந்து காத்திருந்த பழைய கோமாளி மீன் விடப்பட்டது. முதல் நாள் வலப்பக்க மேல் மூலையில் நின்றது. இரண்டாம் நாள் தொட்டியைச் சுற்றி வந்து, மறைவின் அருகே போய்க் கார்டினல்களை இரண்டு முறை இடிக்கப் பாய்ந்தது. அவை மூன்றும் அரை அடி நகர்ந்து, ஒரு நிமிடத்தில் அதே இடத்துக்குத் திரும்பி, அதே வரிசையில் நின்றன. ஓடாத மீனைத் துரத்துவதில் கோமாளிக்கு ஆர்வம் நிலைக்கவில்லை. நான்காம் நாளிலிருந்து வலப்பக்க வேவ்மேக்கரைச் சுற்றி ஒரு முழ அகலத்தைத் தனதாக்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. கார்டினல்களின் துடுப்பில் ஒரு கிழிசல்கூட இல்லை.

இந்தக் கோமாளி முதலில் விடப்பட்டிருந்தால் டாம்சலைப் போல நடந்திருக்குமா என்பதை ஒரே தொட்டியை வைத்துக்கொண்டு யாரும் நிறுவ முடியாது. சாதுவான ஒசெல்லாரிஸ் என்பதால், ஒன்றும் நடக்காமலே போயிருக்கவும் கூடும். இரண்டரை செ.மீ. அளவுள்ள பண்ணைக் குஞ்சுகளாக ஒரு ஜோடியைப் புதிதாக வாங்குபவருக்கு நான் இந்தக் காத்திருப்பைச் சொல்லவும் மாட்டேன். அந்த வயதில் அவற்றின் இடங்கோரல் மிகக் குறைவு, மற்ற மீன்கள் வந்து சேர மாதக்கணக்கில் அவகாசம் கிடைக்கும். வளர்ந்த, ஒருமுறை அடிபட்ட, பெண்ணாகும் நிலையில் இருந்த மீன் என்பதுதான் இங்கே கணக்கை மாற்றியது.

டாம்சல் இப்போது தெரிந்தவர் ஒருவரின் 600 லிட்டர் தொட்டியில், தன்னைவிட இரு மடங்கு பெரிய ட்ரிகர் மீனோடு இருக்கிறது. அங்கே அது யாரையும் விரட்டுவதில்லை. மார்ச் மாதம், நான்கு வாரத் தனிமைக்குப் பின், கோமாளிக்குத் துணையாக மூன்று செ.மீ. குஞ்சு ஒன்று வந்தது. ஒரு வாரம் உடல் நடுங்கிப் பணிவு காட்டியபின் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏப்ரலில் வலை மூடி பொருத்தி ஃபயர்ஃபிஷ் விட்டோம். மே மாதத்தில் மைத்துனர் பதற்றத்தோடு அழைத்தார்: கார்டினல்களில் ஒன்று நான்கு நாளாகத் தின்னவில்லை, தாடை வீங்கியிருக்கிறது, மறுபடியும் ஏதோ நோய் என்று. படம் அனுப்பச் சொன்னேன். விரிந்த தாடையின் மெல்லிய தோலுக்குள் முட்டைத் திரள் தெரிந்தது. கார்டினல்களில் ஆண்தான் முட்டைகளை வாயில் சுமக்கும். சுமக்கும் நாளெல்லாம் எதுவும் தின்னாது. எதையும் தொட வேண்டாம், அந்தப் பக்கம் விளக்கைக் கொஞ்சம் குறைத்து வைக்கும்படி சொன்னேன்.